அண்டக்கதிரின் தடமும் நானோ கம்பியின் அச்சும்

வாசகர் கேள்விகளுக்குத் துறை வல்லுநர்களின் பதில்கள்

கேள்வி: ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பட்டியலைப் பார்த்தேன். முதல் பாதி முழுக்க அண்டக்கதிர், பின் பாதி நானோ துளை, நானோ கம்பி. நடுவில் துறையை மாற்றிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(முதுகலை இயற்பியல் மாணவி, திருச்சி)

துறை மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தடப் பதிவுத் தகடுகளை வைத்து வேலை செய்தவராக இருந்தால், இரண்டு பாதியிலும் அவர் செய்தது ஒரே வேலைதான்: பிளாஸ்டிக்கைக் காரத்தில் போட்டு அரிப்பது.

அண்டக்கதிர் என்பது விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் அணுக்கருக்கள் முதலான துகள்கள். வேகமாக வரும் கனமான அணுக்கரு ஒன்று பிளாஸ்டிக், அப்பிரகம் (மைக்கா), கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருளுக்குள் பாயும்போது, போகும் வழியெல்லாம் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே போகிறது. சேதமடைந்த அந்தப் பாதையின் விட்டம் 5 முதல் 10 நானோமீட்டர் அளவுதான் இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. ஆனால் அந்தத் தகட்டை வேதிக்கரைசலில் போட்டால், சேதமடைந்த பகுதி மற்ற இடத்தைவிட வேகமாகக் கரைந்து குழியாகத் திறந்துகொள்கிறது.

இங்கிலாந்தின் ஹார்வெல்லில் டி. ஏ. யங் 1958-இல் லித்தியம் புளோரைடு படிகத்தில் இதை முதலில் காட்டினார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் சில்க், பார்ன்ஸ் இருவரும் அப்பிரகத்தில் விழுந்த தடங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் புஃபர்ட் பிரைஸ், ராபர்ட் வாக்கர் இருவரும் 1962-இல் அப்பிரகத் தடங்களை அரித்துத் துளைகளாக நிலைக்கச் செய்தார்கள். ராபர்ட் ஃபிளைஷர் அவர்களோடு சேர்ந்த பிறகு அது ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. விண்கற்களிலும் நிலாப் பாறைகளிலும் பழைய அண்டக்கதிர்த் தடங்களைத் தேடியதும், அதே தடங்களைத் துளையாக்கி வடிகட்டி செய்ததும் இதே குழுதான். இரத்தத்தில் உள்ள பெரிய செல்களைப் பிரித்தெடுக்க அந்த வடிகட்டி 1964-லேயே பயன்பட்டது. 1970-இல் போசின் என்பவர் அரித்த அப்பிரகத் துளைகளுக்குள் உலோகத்தைப் படியவைத்து 40 நானோமீட்டர் விட்டமுள்ள கம்பிகளைச் செய்தார். ‘நானோ’ என்ற சொல் பரவலாவதற்கு வெகு முன்பே நடந்த காரியம் இது.

ஆக, வித்தியாசமெல்லாம் அரிப்பை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது. அண்டக்கதிர் ஆய்வாளர் மணிக்கணக்கில் அரித்து, தடத்தை மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்த்து, நுண்ணோக்கியில் அளந்து, வந்தது எந்த அணுக்கரு என்று கண்டுபிடிக்கிறார். நானோ பொருள் ஆய்வாளர் சில நிமிடங்களில் நிறுத்திவிட்டு, அந்தக் குறுகிய துளையை அச்சாக வைத்துக்கொள்கிறார். ஒருவருக்குத் தடம் சாட்சி, மற்றவருக்கு வார்ப்பு.

கேள்வி: உலோகத் தகட்டில் ஏன் தடம் விழுவதில்லை?
(பி.எஸ்சி. மாணவர், நாகர்கோவில்)

அணுக்கரு போகும் வழியில் எலக்ட்ரான்களை உதறித்தள்ளுகிறது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் உடனே ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன, அதோடு வெப்பமும் வேகமாகப் பரவிவிடுகிறது. மின்கடத்தாப் பொருளில் அது நடப்பதில்லை. மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறுகின்றன. குறுகிய பாதை ஒரு கணம் கடுமையாகச் சூடாகிக் குளிர்கிறது. இரண்டில் எது முக்கியம் என்பது பொருளைப் பொறுத்தது. நீளமான பாலிமர்ச் சங்கிலிகள் அறுபடுவதால் பிளாஸ்டிக்குகளே மிக நுட்பமாகப் பதிகின்றன.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சி.ஆர்-39 தகடு அரித்தோம். சில தகடுகளில் தடம் பெரிதாகவும் சிலவற்றில் சிறிதாகவும் வருகிறது. கதிர்மூலம் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். எங்கே தவறு?
(இயற்பியல் உதவிப் பேராசிரியர், விருதுநகர்)

பெரும்பாலும் வெப்பநிலையில்தான். சி.ஆர்-39 மூக்குக்கண்ணாடி வில்லைகளுக்குப் பயன்படும் பிளாஸ்டிக். 1978-இல்தான் அதைத் தடப் பதிவுக்குப் பயன்படுத்தலாம் என்று தெரியவந்தது. அது அரிபடும் வேகம், 70 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஒரு டிகிரி கூடினால் ஏழெட்டு விழுக்காடு கூடும். கரைசலைச் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டியின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கரைசலுக்குள்ளேயே வெப்பமானியை வைத்து, தகடு தொங்கும் ஆழத்தில் அளந்து பாருங்கள். தொட்டியின் ஓரத்தில் இருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருப்பதற்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே நீங்கள் சொல்லும் கோளாறு வந்துவிடும்.

கரைசல் 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. அதாவது ஒரு லிட்டர் கரைசலில் 250 கிராம். ஏறத்தாழ 700 மில்லி வாலைவடிநீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். வில்லைகளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகு ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி கட்டாயம். கண்ணாடி பீக்கர் வேண்டாம், சூடான காரம் கண்ணாடியையே அரிக்கும். பாலிபுரோப்பிலீன் அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் நல்லது. மேலே மூடி வையுங்கள். ஆறு மணி நேரம் திறந்து கிடந்தால் தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்படும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் காரத்தின் ஒரு பகுதி கார்பனேட்டாகவும் மாறிவிடும். பழைய பாட்டிலில் இருந்து எடுத்த, கட்டியாகிப்போன வில்லைகளாலும் இதே பிழை வரும்.

தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்க வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரிக்காமல் விடுவது அடிக்கடி நடப்பது. மூலையில் எண்ணை ஊசியால் கீறுங்கள், பேனா மை நிற்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: நேரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், அரிந்துபோன தடிமனை வைத்து ஒப்பிடுங்கள். அதற்கு எடை போதும். 2 செ.மீ. சதுரத்தில் 1 மி.மீ. தடிமன் உள்ள தகட்டுக்கு, விளிம்புகளையும் சேர்த்து, மொத்தப் பரப்பு 8.8 சதுர செ.மீ. அடர்த்தி கன செ.மீ.க்கு 1.31 கிராம். இந்தக் கரைசலில் 70 டிகிரியில் மணிக்கு ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர் அரியும் என்று கொண்டால், ஆறு மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் 7.8 மைக்ரோமீட்டர் போகும். எடை 9 மில்லிகிராம் குறையும். 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் இதை நன்றாகவே அளக்கலாம். ஆனால் கழுவியவுடன் நிறுக்கக் கூடாது. தகடு தண்ணீரை உறிஞ்சியிருக்கும். எடை மாறாமல் நிற்கும்வரை உலரவிட வேண்டும்.

தடிமன் கிடைத்துவிட்டால், செங்குத்தாக விழுந்த தடத்தின் ஆரத்தை அந்தத் தடிமனால் வகுத்து, வர்க்கம் எடுங்கள். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதையே ஒன்றிலிருந்து கழித்ததால் வகுத்தால், தடம் அரிபடும் வேகம் மற்ற இடத்தைவிட எத்தனை மடங்கு என்று கிடைக்கும். தடத்தின் விட்டம் 8 மைக்ரோமீட்டர், அரிந்த தடிமன் 7.8 என்றால் விடை 1.7. உங்கள் எல்லாத் தகடுகளிலும் இந்த விகிதம் ஒத்துவந்தால், கோளாறு தொட்டியில்தான். விகிதமே மாறினால் தகடுகளைச் சந்தேகப்படுங்கள், பழைய சி.ஆர்-39 உணர்திறனை இழக்கும்.

கீறலையும் தடத்தையும் பிரித்தறிய இன்னும் ஒரு மணி நேரம் அரித்துப் பாருங்கள். தடம் வட்டம் மாறாமல் பெரிதாகும், கீறல் மழுங்கிப் பரவும்.

கேள்வி: ஊட்டியில் அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஒரு மாடியில் சி.ஆர்-39 தகட்டை ஆறு மாதம் வைத்தால் அண்டக்கதிர்த் தடம் கிடைக்குமா?
(பள்ளி அறிவியல் மன்றம், கோத்தகிரி)

ஆசை நியாயமானது, ஆனால் கிடைக்காது. தகட்டில் தடங்கள் நிறைய இருக்கும்; ஏறத்தாழ அவ்வளவும் காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் அது சிதைந்து பிறக்கும் சேய் அணுக்களும் உமிழ்ந்த ஆல்பாத் துகள்களுடையவை.

தரைக்கு வந்து சேரும் அண்டக்கதிர்களில் பெரும்பங்கு மியூவான்கள், அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் வருகின்றன. ஆனால் ஒற்றை மின்னேற்றத்தோடு ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் துகள், பிளாஸ்டிக்கில் அரிபடும் அளவுக்குச் சேதம் செய்வதில்லை. தடம் பதிக்கக்கூடிய இரும்பு போன்ற கன அணுக்கருக்களோ, வளிமண்டலத்தின் உச்சியிலேயே காற்றணுக்களோடு மோதி உடைந்துவிடுகின்றன. ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்திலும் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கு மேலும் 800 கிராம் காற்று மிச்சமிருக்கிறது. அதனால்தான் அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவி வேறு வழியில் வேலை செய்கிறது. 400 ஒளிர்வுக் கருவிகளையும் 560 சதுர மீட்டர் மியூவான் கருவியையும் பரப்பிவைத்து, மோதலில் பிறந்த துகள் மழையைப் பிடிக்கிறார்கள்.

பிளாஸ்டிக் தகடுகளை மேலே அனுப்பினால்தான் பயன். ஹைதராபாதிலிருந்து பறக்கவிடும் பலூன்கள் அதற்கு ஒரு வழி. 1985 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தில் ஸ்பேஸ்லாப்-3 ஆய்வுக்கூடத்துடன் போன ‘அனுராதா’ என்ற இந்தியக் கருவி இன்னும் அழகானது. சி.ஆர்-39 தகடுகளை இரண்டு அடுக்காக வைத்து, மேலடுக்கை நிலையாக விட்டு, கீழடுக்கை மெதுவாகச் சுழலவிட்டார்கள். பிளாஸ்டிக்குக்குக் கடிகாரம் கிடையாது. ஒரே துகளின் தடம் மேலும் கீழும் எவ்வளவு கோணம் விலகியிருக்கிறது என்று பார்த்தால், அது வந்த நேரம் தெரிந்துவிடும். நேரம் தெரிந்தால் அப்போது விண்ணோடம் பூமியின் காந்தப்புலத்தில் எங்கே இருந்தது என்பதும், அதிலிருந்து துகளின் மின்னேற்ற நிலையும் தெரியும்.

உங்கள் மன்றத்துக்கு ஒரு யோசனை: அதே தகட்டை மூடிய அறையிலும் திறந்த மாடியிலும் வைத்து ரேடான் அளவை ஒப்பிடுங்கள். அது உண்மையான, பயனுள்ள அளவீடு.

கேள்வி: அப்போலோ வீரர்களின் தலைக்கவசத்தில் அண்டக்கதிர்த் தடம் இருந்ததாகச் சொல்வது உண்மையா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

உண்மை. அந்தக் கவசங்கள் லெக்சான் எனப்படும் பாலிகார்பனேட்டால் ஆனவை. அப்போலோ 8, 12 பயணங்களின் கவசங்களைக் காரத்தில் அரித்து, குழிகளுக்கு அச்சு எடுத்துப் பார்த்தபோது நீண்ட கூம்பு வடிவத் தடங்கள் கிடைத்தன. ஃபிளைஷரும் பிரைஸும் அடங்கிய குழு 1971-இல் இதை வெளியிட்டது. வீரர்களின் தலையைக் கடந்துபோன கன அணுக்கருக்கள் எத்தனை என்று கணக்கிட, அவர்கள் அணிந்திருந்த பொருளே பதிவேடாக இருந்தது. 1967-இல் நிலாவில் இறங்கிய சர்வேயர்-3 கலத்தின் கேமரா வடிகட்டிக் கண்ணாடியை 1969-இல் அப்போலோ 12 வீரர்கள் திருப்பிக்கொண்டுவந்தார்கள். அதிலும் சூரியனிலிருந்து வந்த இரும்பு அணுக்கருக்களின் தடங்கள் இருந்தன.

கேள்வி: குழியைப் பார்த்து எப்படி ‘இது இரும்பு’ என்று சொல்ல முடியும்? தவறாதா?
(பொறியாளர், கோயம்புத்தூர்)

ஒரு குழியை மட்டும் பார்த்தால் தவறும். பல தகடுகளை அடுக்கிவைத்து, ஒரே துகள் ஒவ்வொரு தகட்டிலும் விட்ட குழியின் நீளத்தை வரிசையாக அளக்க வேண்டும். மின்னேற்றம் கூடினால் சேதம் கூடும். துகள் வேகம் குறையக் குறையவும் சேதம் கூடும். அடுக்கின் வழியே சேதம் ஏறிப்போகும் விதம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. அதே தகட்டுக் கட்டில் ஒரு துண்டைத் துகள் முடுக்கியில் வைத்து, தெரிந்த அணுக்கருக்களைப் பாய்ச்சி அளவுகோல் போட்ட பிறகே பெயர் சொல்லலாம்.

அப்படிச் செய்தும் தவறியதுண்டு. 1973-இல் அயோவா மாநிலத்தின் சியூ சிட்டியிலிருந்து பறந்த பலூனில் இருந்த லெக்சான் அடுக்கில், சேதம் ஏறாமல் ஒரே சீராக இருந்த ஒரு தடம் கிடைத்தது. அது காந்த ஒற்றைமுனை (வட முனையோ தென் முனையோ ஒன்று மட்டும் உள்ள துகள்) என்று பிரைஸின் குழு 1975 ஆகஸ்டில் அறிவித்தது. பிளாட்டினம் அணுக்கரு ஒன்று வழியில் இரண்டு முறை உடைந்து, மின்னேற்றம் குறைந்துகொண்டே போனாலும் இப்படியே தெரியும் என்று இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ் எடுத்துக்காட்டினார். வேகம் குறைவதால் சேதம் ஏறும், மின்னேற்றம் குறைவதால் இறங்கும். இரண்டும் சேர்ந்து சமமாகிவிட்டது. தகடுகளை எண்ணி எண்ணி அளப்பவர்கள் இந்த நிகழ்வை மறக்கவே கூடாது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: பாலிகார்பனேட் சவ்வில் செம்பு நானோ கம்பி வளர்க்க முயல்கிறேன். பாதித் துளைகள் காலியாக இருக்கின்றன, சில கம்பிகள் குட்டையாக நிற்கின்றன. செய்முறையைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.
(ஆய்வு மாணவர், சென்னை)

முதலில் சவ்வு. சி.ஆர்-39-ஐ இதற்கு எடுக்காதீர்கள். அதில் தடமும் மற்ற இடமும் அரிபடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால் துளை அகன்ற கூம்பாக வரும். பாலிகார்பனேட்டில் தடம் பன்மடங்கு வேகமாக அரிவதால் உருளையாக வரும். நீங்களே அரிப்பதானால், முடுக்கியில் கன அயனி பாய்ச்சிய 20 மைக்ரோமீட்டர் சவ்வை இரண்டு பக்கமும் புற ஊதா ஒளியில் காட்டி, 50 டிகிரியில் 6 நார்மல் காரத்தில் அரிக்கலாம். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் விண்ணப்பித்துப் பாய்ச்சிக்கொள்ளலாம். எத்தனை நிமிடம் என்று புத்தகத்தில் தேடாதீர்கள். ஒரே சவ்வில் நான்கு துண்டு வெட்டி 2, 4, 6, 8 நிமிடம் அரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விட்டம் பார்த்துக் கோடு வரையுங்கள். கடையில் வாங்கும் வடிகட்டிச் சவ்வுகளில் துளைகள் சாய்வாகவும் இருக்கும், ஒன்றை ஒன்று வெட்டவும் செய்யும். நடுவில் விட்டம் கூடுதலாக இருப்பதும் உண்டு. உறையில் போட்டிருக்கும் எண்ணைக் கம்பியின் விட்டமாக எழுதிவிடாதீர்கள்.

துளைகளின் நெருக்கமும் முக்கியம். சதுர செ.மீ.க்கு 10 கோடி துளைகள், விட்டம் 100 நானோமீட்டர் என்றால், ஒரு துளை இன்னொன்றோடு ஒட்டியிருக்க வாய்ப்பு 3 விழுக்காடு. 100 கோடி என்றால் அது 27 விழுக்காடாகிவிடும். தனித்தனிக் கம்பி வேண்டுமானால் 10 கோடியோடு நில்லுங்கள்.

ஒரு பக்கத்தில் 100 நானோமீட்டர் அளவுக்குத் தங்கத்தை ஸ்பட்டர் செய்து (வெற்றிடத்தில் அணுக்களாகத் தெறிக்கவிட்டுப் படியவைத்து), அதன் மேல் செம்பை மின்முலாமாக 10 மைக்ரோமீட்டர் ஏற்றுங்கள். தங்கப் படலம் மட்டும் துளையின் வாயை அடைக்காது. அடைபடாத வாய் வழியே கரைசல் பின்பக்கம் கசியும். பிறகு சவ்வை இரு பாதிக் கலத்துக்கு நடுவில் ரப்பர் வளையத்தோடு இறுக்குங்கள். கரைசல் லிட்டருக்கு 238 கிராம் செம்பு சல்பேட், 21 கிராம் கந்தக அமிலம். நேர்மின்முனை தூய செம்புக் கம்பி.

காலியாக நிற்கும் துளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் காற்று. பாலிகார்பனேட் தண்ணீரோடு எளிதில் ஒட்டாது; துளைக்குள் குமிழி உட்கார்ந்துகொண்டால் அங்கே மின்னோட்டமே கிடையாது. கரைசலை ஊற்றிய பின் கலத்தை வெற்றிட ஜாடியில் சிறிது நேரம் வையுங்கள், அல்லது முதலில் மெத்தனாலால் நனைத்து, பிறகு கரைசலை மாற்றுங்கள்.

குட்டைக் கம்பிகளுக்குக் காரணம் அவசரம். செம்பு நேர்மின்முனைக்கும் சவ்வின் பின்பக்கச் செம்புப் படலத்துக்கும் நடுவே 50 மில்லிவோல்ட்டில் தொடங்குங்கள். மின்னழுத்தம் கூடினால் துளையின் அடிக்குச் செம்பு அயனி வந்து சேரும் முன்பே அங்கே தீர்ந்துவிடும்; முந்திக்கொண்ட சில கம்பிகள் மேலே வந்து தொப்பி போட்டு, பக்கத்துத் துளைகளின் வாயை மூடிவிடும். இன்னும் கூட்டினால் ஹைட்ரஜன் குமிழி வேறு.

மின்னோட்டத்தைத் தொடர்ந்து பதியுங்கள், நடப்பது தெரியும். தொடக்கத்தில் ஒரு எழுச்சி, பிறகு நீண்ட சமதளம், கடைசியில் தொப்பி வளரும்போது ஏற்றம். மேலே சொன்ன சவ்வில் ஒரு சதுர செ.மீ.க்கு, 20 மைக்ரோமீட்டர் நீளம் முழுக்க நிரம்ப வேண்டிய செம்பு 0.14 மில்லிகிராம். அதற்கு 0.43 கூலும் மின்னூட்டம் வேண்டும். சராசரி 0.2 மில்லிஆம்பியர் ஓடினால் 36 நிமிடம். 0.2 கூலும் ஆகும் முன்பே ஏற்றம் வந்தால், பாதித் துளைகள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 2 கூலும் போயும் ஏற்றம் வரவில்லையென்றால், வளையத்தின் ஓரத்தில் கரைசல் கசிந்து வேறெங்கோ செம்பு படிகிறது.

சவ்வைக் கரைக்க டைகுளோரோமீத்தேன். ஃபியூம் ஹுட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டில்), கண்ணாடிப் பாத்திரத்தில், மூன்று முறை புதிதாக மாற்றி. ஒரு முறையோடு விட்டால் கம்பிகள்மேல் பிளாஸ்டிக் தோல் படிந்து நிற்கும்.

கேள்வி: கரைத்தெடுத்த கம்பிகள் காய்ந்ததும் கட்டுக்கட்டாகச் சாய்ந்துவிடுகின்றன. சூடாக்கினால் மணிமணியாக உடைகின்றன. தடுக்க முடியுமா?
(ஆய்வு மாணவி, புதுச்சேரி)

சாய்வதற்குக் காரணம் ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசை. கம்பி நீளமாக, மெல்லியதாக இருந்தால் அதைத் தாங்காது. நிமிர்ந்தே நிற்க வேண்டுமானால் நீளத்தைக் குறைத்து வளருங்கள். இல்லையென்றால் கடைசிக் கழுவலைப் பரப்பு இழுவிசை குறைந்த திரவத்தில் முடியுங்கள். தனிக்கம்பிதான் வேண்டும் என்றால் கவலையே இல்லை. கழற்றி எத்தனாலில் மிதக்கவிட்டு, ஒரு துளியைச் சிலிக்கான் வில்லையில் விட்டால் போதும்.

மணியாக உடைவது வேறு விஷயம். குழாயிலிருந்து விழும் தண்ணீர் இழை துளிகளாகப் பிரிவதைப் போல, மெல்லிய கம்பியும் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஆனாலும் 30 முதல் 50 நானோமீட்டர் கம்பிகள் 400 முதல் 600 டிகிரியிலேயே, உருகாமலே, பரப்பில் அணுக்கள் நகர்வதால் உருண்டைகளாகிவிடும் என்று 2004-இல் காட்டப்பட்டது. விட்டம் கூடினால் தாங்கும் வெப்பமும் கூடும். அதனால் சூட்டுக்கு உட்படுத்தப்போகும் கம்பி என்றால், அரிப்பை இன்னும் சில நிமிடம் நீட்டித்து, துளையை அகலமாகத் திறந்துகொள்ளுங்கள். செம்பு காற்றில் ஆக்சைடு ஆகும் என்பதால், அளவீடு முடியும்வரை கம்பிகளைச் சவ்வுக்குள்ளேயே விட்டுவைத்து, தேவைப்படும் அன்று மட்டும் கரைத்தெடுங்கள்.